தோணிக்குக் கரை கொடுத்த வருஷம்

அழைப்பிதழ் உங்களுக்கும் வந்திருக்கும். நம் ஐந்தாம் வகுப்பு வாட்ஸப் குழுவில் அதைப் போட்ட உடனே கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்ததைப் பார்த்தேன். ஒருத்தி 'சூப்பர்' என்று எழுதியிருந்தாள். இன்னொருத்தி எல்லாரும் ஒரே கலரில் சேலை கட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டிருந்தாள். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவினேன்.

படிக்காமல் கைகூப்பியவர்களுக்காகச் சொல்கிறேன். ரசாயனக் கம்பெனிக்காரர்கள் நம் கரையில் 'பாரம்பரிய அரங்கம்' என்று ஒன்று கட்டியிருக்கிறார்கள். நடுக்கூடத்தில் நம் தோணி நிற்கிறது. வார்னிஷ் அடித்து, அடியிலிருந்து நீல விளக்குப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பலகை. அதில், 'கேட்டவருக்குக் கரை கொடுத்த மக்கள்' என்று எழுதியிருக்கிறதாம். அந்தக் காலத்துப் பிள்ளைகளான நாம் மேடையேறி இளமைக்கால நினைவுகளைப் பகிர வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிஷம். மதியம் பிரியாணி.

என் நினைவு ஐந்து நிமிஷத்தில் அடங்காது. அதனால் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கும் ஞாபகம் இருக்கவேண்டிய சங்கதிதான். இல்லை என்று நடிக்கிறவர்கள் கடைசி வரைக்கும் படியுங்கள்.

மேடையில் பேசப் போகிறவர்கள் முத்து, சங்கு, பாய்மரம் என்று ஆரம்பிப்பீர்கள். மூக்கு என்று ஒன்று இருந்ததையே மறந்திருப்பீர்கள். கடலில் முங்கிக் குளித்து எடுத்த சங்கைக் கரையில் குவித்து, உள்ளே இருக்கிற சதை அழுகி விழுகிற வரைக்கும் போட்டுவைப்பார்கள். அந்த வாடை நம் பாவாடையில் இருந்தது, பாடப்புத்தகத்தில் இருந்தது, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போட்டுப்போன சட்டையிலும் இருந்தது. நாசரேத்திலிருந்து மாற்றலாகி வந்த டீச்சர் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டேதான் நமக்குக் கணக்கு நடத்தினார். எனக்கு அது ஒருநாளும் அருவருத்ததில்லை. அப்பா சங்குகுளிக்காரர், அந்த நாற்றம் இல்லாத மாதம் எங்கள் வீட்டில் அடுப்பு சரியாக எரியாது. அருவருப்பு என்றால் என்ன என்று நான் கற்றுக்கொண்டது அந்த வருஷத்துத் தோணியால்தான்.

கரைக்குப் பட்டா கிடையாது. சிலுவை நட்ட குருசடியிலிருந்து வடக்கே உப்பளத்து வாய்க்கால் வரைக்கும் மணல் முழுக்க எல்லாருக்கும் பொது. வள்ளத்தை ஏற்றுகிறதும் வலை உலர்த்துகிறதும் கருவாடு காயப்போடுகிறதும் அங்கேதான். நாம் சண்டை போட்டுக்கொண்டதும் அங்கேதான்.

கரை கொடுப்பது என்று ஒரு வழக்கம் இருந்தது. வாடைக்காற்றில் சிக்கி எந்த ஊர் வள்ளம் ஒதுங்கினாலும், வந்தவன் கரையில் கால் வைத்து, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டி, "கரை கேட்டு வந்திருக்கேன்" என்று சொன்னால் போதும். வந்தவன் பகையாளியாக இருந்தாலும் நம் ஆட்கள் வடம் பிடித்து மேலே ஏற்றிக் கொடுப்பார்கள். ஏற்றின பிறகு அவனிடம் "எப்ப இறக்குவ?" என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் அவனைக் காற்றுக்குள்ளே பிடித்துத் தள்ளியதாக அர்த்தம். அப்பாவின் வள்ளத்துக்கே ஒரு வாடையில் தெற்கே ஒரு முஸ்லிம் ஊரில் கரை கொடுத்து, நேர்ச்சைச் சோறும் போட்டு, காற்று தணிகிற வரைக்கும் வைத்திருந்து அனுப்பினார்கள். அப்பா அந்தக் கதையை அடிக்கடி சொல்வார். அதனால் வழக்கத்தை நான் கேலி செய்யவில்லை. அதை வைத்து நமக்குச் செய்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

கிறிஸ்மஸ் குடிலுக்காக வீட்டுக்கு வீடு சட்டியில் நெல் முளைக்கப் போட்டிருந்த சமயம். காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. ஒரு மோட்டார் லாஞ்சு பழைய சரக்குத் தோணி ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு நம் கரைக்கு வந்தது. சரக்குத் தோணிகளில் சின்னதுதான், ஆனாலும் நம் வள்ளங்களுக்குப் பக்கத்தில் மலையாகத் தெரிந்தது. பாய்மரம் பாதியில் முறிந்திருந்தது. லாஞ்சிலிருந்து இறங்கியவர் அப்போதுதான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஆரம்பித்திருந்த ரசாயனக் கம்பெனியின் மேனேஜர்.

பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடக்கியிருந்தார். செருப்பைக் கையில் பிடித்திருந்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "கரை கேட்டு வந்திருக்கேன்" என்றார்.

மேனேஜர் தலையில் துண்டு எங்கிருந்து வந்தது என்று ஒருத்தர்கூட யோசிக்கவில்லை. அவ்வளவு பெரிய மனுஷன் நம் முறைப்படி நம்மிடம் கைகட்டி நிற்கிறான் என்பதில் ஆம்பிளைகளுக்கு நெஞ்சு விரிந்துபோயிற்று. அப்பா முதல் ஆளாக வடத்தைப் பிடித்தார். பனந்தடிகளை உருளையாகப் போட்டு, ஊர் முழுக்க இழுத்தது. நாமும்தான் இழுத்தோம். என் உள்ளங்கையில் வடம் உரசின காயத்துக்கு அம்மா தேங்காய் எண்ணெய் தடவினாள். பொம்பளைகள் மேனேஜருக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார்கள். வடத்துக்கு முன்னால் நின்று கத்திக்கத்தி ஊக்கம் கொடுத்தவர் மைக் மாமா. ஞாபகம் இருக்கிறதா? அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. திருவிழாவானாலும் எலெக்ஷனானாலும் மைக்கைப் பிடித்துப் பேச அவர்தான், அதனால் நாம் வைத்த பெயர்.

என் அத்தை மட்டும் வடத்தில் கை வைக்கவில்லை. அப்பாவுக்கு அக்கா. புருஷனைக் கடலில் பறிகொடுத்துவிட்டு எங்களோடு இருந்தவள். வாயைத் திறந்தால் பாதி ஊருக்கு ஆகாது.

"துண்டப் பாத்தியா?" என்று அம்மாவிடம் கேட்டாள். "பழைய துண்டு. வேர்வைக் கறை கெடக்கு. அவனோடது இல்ல. யாரு குடுத்தா இவனுக்கு?"

"உங்களுக்கு எல்லாத்துலயும் ஒரு சந்தேகம் மைனி," என்றாள் அம்மா.

தை போயிற்று, மாசி வந்தது. சாம்பல் புதனுக்கு நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டோம். வாடை ஓய்ந்துவிட்டது. தோணியில் ஒரு பலகையைக்கூட யாரும் தொடவில்லை. பிள்ளைகள் ஏறிவிடுவார்கள் என்று சொல்லித் தோணியைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். வேலிக்கு ஒரு காவலாளி வந்தான். காவலாளிக்கு ஒரு கொட்டகை வந்தது. வேலி கொஞ்சம் கொஞ்சமாக அகன்று கருவாடு காயப்போடும் இடத்தைத் தின்றது. அப்புறம் தோணியின் நிழலில் பெரிய பெரிய இரும்புக் குழாய்களைக் கொண்டுவந்து அடுக்கினார்கள். குழாய் எதற்கு என்று நமக்குத் தெரியும். கம்பெனிக் கழிவைக் கடலுக்குள் கொண்டுபோக வழி வேண்டும். வழி நம் மணல்.

அப்போதும் ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. வழக்கம் தடுக்கிறதாம். அத்தை ஒருநாள் கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்தபடியே வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மேனேஜரைக் கேட்டாள்.

"காத்து ஓஞ்சிட்டு சார். தோணிய எப்ப இறக்குதிய?"

அவ்வளவுதான். மறுநாள் குருசடி முன்னால் ஊர்க்கூட்டம். மணலைத் திருடிக்கொண்டிருந்தவன்மேல் இல்லை, கேட்டவள்மேல். கரை கேட்டு வந்தவனைக் கேள்வி கேட்டுவிட்டாள், நாளைக்கு நம் வள்ளத்துக்கு எவன் கரை கொடுப்பான் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். மைக் மாமா மைக் இல்லாமலே ஊருக்கே கேட்கிற மாதிரிப் பேசினார். கடைசியில் தீர்ப்பைச் சொன்னது என் அப்பா. சொந்தத் தம்பி சொன்னால்தான் மரியாதையாக இருக்கும் என்று அவரைச் சொல்ல வைத்தார்கள்.

"அக்கா, நீ போயி மன்னிப்புக் கேட்டுரு."

மேனேஜர் காவலாளிக் கொட்டகை வாசலில் இரும்பு நாற்காலி போட்டு உட்கார்ந்து கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தார். அத்தை அவர் முன்னால் நின்றாள். கால்விரல்கள் மணலுக்குள் புதைந்து போயிருந்தன. "தெரியாமக் கேட்டுட்டேன் சார்" என்றாள். அவர் சிரித்து, "பரவாயில்லம்மா, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல" என்றார். பின்னால் நின்ற நம் பெரியவர்கள் எல்லாரும் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். திருடனிடம் மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டு, அவன் மன்னித்துவிட்டான் என்று சந்தோஷப்பட்ட அந்த முகங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எச்சில் ஊறுகிறது, துப்புவதற்கு.

ஆனால் அத்தையை அவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. அந்த வாரமே, மீன் உலர்த்துகிற இடத்தில் மீதமிருந்த மூலையில் பொம்பளைகளைக் கூட்டி உட்கார வைத்தாள்.

"ஏறின தோணிய எப்ப இறக்குவன்னு கேக்கக் கூடாது. சரி, கேக்க வேண்டாம். நம்ம வள்ளத்தயும் ஏத்துவோம். நம்மளயும் எவனும் கேக்க முடியாதுல்லா."

ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் கடலுக்குப் போக மாட்டார்கள். பூசை முடிந்து ஆம்பிளைகள் சீட்டாடப் போன நேரம் பார்த்து, பொம்பளைகள் பூசைக்குக் கட்டிய சேலையோடு வடம் பிடித்து, ஒவ்வொரு வள்ளமாக இழுத்துக் கொண்டுவந்தார்கள். தோணியையும் குழாயையும் சுற்றி நெருக்கமாக நிறுத்தினார்கள். லாரி உள்ளே வர வழியில்லை. குழாயை வெளியே உருட்டவும் வழியில்லை. முதலில் ஏறினது எங்கள் வள்ளம்.

அப்பா சீட்டுக்கட்டைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தார். "அக்கா, என்னக்கா இது? நாளைக்குத் தொழிலுக்குப் போவாண்டாமா?"

"கரை கேட்டு ஏத்திருக்கேன்லே," என்றாள் அத்தை, வள்ளத்து விளிம்பில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டு. "எப்ப இறக்குவன்னு நீ கேக்கலாமா? வேணும்னா கூட்டம் போடு. வந்து மன்னிப்புக் கேக்கேன்."

முதலில் சிரித்தது சீட்டாட்டக்காரர்களில் ஒருவர்தான். அப்புறம் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அப்பாவும் சிரித்தார். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஆம்பிளைகளே வந்து மீதி வள்ளங்களை ஏற்றிவிட்டார்கள். வழக்கத்தை மீறாமல் கம்பெனியை மடக்கிவிட்டோம் என்று அவர்களுக்குப் பெருமை. மேனேஜர் வந்து பார்த்தார். அவராலும் கேட்க முடியவில்லை. கேட்டால் அவர் தோணிக்கும் அதே கேள்வி வரும். அந்தச் சில வாரங்கள்தான் என் வாழ்நாளில் நான் நம் ஊரை நினைத்துப் பெருமைப்பட்ட காலம். வள்ளத்துக்குள் உட்கார்ந்து பாடம் படித்தோம், பாயை இழுத்துக் கட்டி அதன் நிழலில் கஞ்சி குடித்தோம்.

கஞ்சிக்கு அரிசி எங்கிருந்து வந்தது? அதைத்தான் மேடையில் ஒருத்தரும் சொல்ல மாட்டீர்கள்.

வள்ளம் கடலுக்குப் போகவில்லை என்றால் வீட்டில் எதுவும் இல்லை. முருங்கைக்கீரையும் கேப்பைக்களியும் எத்தனை நாளைக்கு? கடை அண்ணாச்சிதான் அரிசி கொடுத்தார். உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டு ஊரிலிருந்து வந்து நம் தெருமுனையில் பலசரக்குக் கடை போட்டிருந்தாரே, நெற்றி நிறையத் திருநீறு, நமக்கெல்லாம் கருப்பட்டித் துண்டு உடைத்துக் கொடுப்பார், அவர். வீடு வீடாக அளந்து அனுப்பினார். அத்தை கடைக்குப் போய், "எப்பத் திருப்பித் தருவோம்னு தெரியாது அண்ணாச்சி" என்றபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"கரை போச்சுன்னா நீங்களும் போயிருவிய. அப்புறம் நான் இங்கன கடைய வச்சு யாருக்கு விக்க? எம் பொழப்புக்குத்தான் தாரேன் தங்கச்சி. கொண்டு போவும்," என்றார்.

அவர் புனிதர் இல்லை. கம்பெனிக் கேன்டீனுக்கும் அவர்தான் மளிகை போட்டார். எடையில் கொஞ்சம் கை வைப்பார் என்று அம்மா சொல்வாள். ஆனால் அந்த வாரங்களில் அரிசி எடையில் குறையவில்லை.

பங்குனி வெயில் ஏற ஏற ஊரில் எரிச்சலும் ஏறியது. நம்மவன் இல்லாத ஒருவன் கையிலிருந்து தினமும் வாங்கித் தின்பது சிலருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. நன்றி சொல்லிச் சொல்லி அலுத்துப்போன மனசு, நன்றி சொல்லாமல் இருக்க ஒரு காரணம் தேடும் என்பதை நான் பிற்பாடு வாழ்க்கையில் நிறையத் தடவை பார்த்துவிட்டேன். அந்தக் காரணத்தை மைக் மாமா கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா போட்ட வரக்காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னார்.

"காரணமில்லாம எவனும் சும்மா அரிசி தருவானா? கம்பெனிக்கு மளிகை போடுதது யாரு? நம்ம வழக்கம் மேனேஜருக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கிய? எல்லாம் அண்ணாச்சி சொல்லிக் குடுத்த வேல. இப்ப அரிசியக் குடுத்து, நம்ம வள்ளம் வெயில்ல வெடிச்சுப் போவட்டும்னு பாக்கான்."

அப்பா ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருந்தது சம்மதம். மரம் வெயிலில் வெடிப்பது உண்மைதான். எங்கள் வள்ளத்திலேயே இரண்டு இடத்தில் விரல் போகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. பொய்க்குள் அந்த ஒரு உண்மையை வைத்துத்தான் அவர் விற்றார்.

அத்தை அன்றைக்கு ஊரில் இல்லை. பக்கத்துக் கரையான திரேஸ்புரத்துப் பொம்பளைகளிடம் பேசி, அவர்கள் வள்ளங்களையும் கொண்டுவரச் சொல்ல விடியற்காலையிலேயே நடந்து போயிருந்தாள். அவள் போன நேரம் பார்த்துத்தான் நடந்தது.

நல்ல வெயில். மீன் கழித்த குடலும், சங்குச்சதை அழுகி வடிந்த தண்ணீரும் சேர்த்து, பெரிய அலுமினியச் சட்டிகளில் எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் வீட்டுச் சட்டியை அம்மாதான் தூக்கினாள். ஆம்பிளைகள் பின்னால் வந்தார்கள், என் அப்பாவும் வந்தார். அண்ணாச்சி கடைப் பலகையில் உட்கார்ந்து கணக்குப் பிள்ளை மாதிரி மூக்குக்கண்ணாடி போட்டு வெந்தயத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கேள்வி, பதில் எதுவும் இல்லை. ஊற்றினார்கள். கருப்பட்டிமேல், பருப்புமேல், அவர் மேல். அம்மா தன் சட்டியை அரிசி மூட்டைக்கு நேரே சாய்த்தாள்.

அவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "அரிசியில ஊத்தாதிய தாயி. நாளைக்கு உங்களுக்கு அளக்க வச்சிருக்கது."

ஊற்றிவிட்டாள். நான் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களில் சில பேரும் நின்றீர்கள், எனக்குத் தெரியும். வெள்ளை அரிசியில் அந்தச் சிவப்புத் தண்ணீர் இறங்குவதை நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள். பிறந்ததிலிருந்து எனக்குப் பழகிய நாற்றம்தான், அன்றைக்கு முதல்முறையாக எனக்கு வாந்தி வந்தது.

அண்ணாச்சி அடுத்த பஸ்ஸிலேயே ஊரை விட்டுப் போய்விட்டார். சட்டையைக்கூட மாற்றவில்லை. அத்தை திரும்பி வந்தபோது கடைப் பலகையில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. யார் செய்தது என்று கேட்டாள். எங்கள் வீட்டு அலுமினியச் சட்டியை முகர்ந்து பார்த்தாள். அன்றைக்கு அவள் அம்மாவோடு பேசுவதை நிறுத்தினவள்தான்.

அரிசி நின்றது. முதலில் இறங்கியதும் எங்கள் வள்ளம்தான். அத்தை அதற்குள் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, எந்திரி. பிள்ளையளுக்குச் சோறு வேணும்," என்றார் அப்பா.

"சோத்துல குடலக் கரைச்சு ஊத்தினது யாருலே?" என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்தபடி வடத்தைப் பிடித்தார். அவள் எழுந்து இறங்கி ஒதுங்கி நின்றாள். அதன்பிறகு வள்ளங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. திரேஸ்புரத்திலிருந்து வந்துகொண்டிருந்த வள்ளங்கள் பாதிக் கடலிலேயே நம் வள்ளங்கள் தொழிலுக்குப் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டன.

ஈஸ்டர் பாஸ்கு முடிந்ததும் கம்பெனி ஒரு விழா நடத்தியது, நல்லுறவு விழா. தோணிக்கு முன்னால் பந்தல். வீட்டுக்கு ஒரு பச்சை பிளாஸ்டிக் வாளி. அப்போது பிளாஸ்டிக் வாளி நமக்குப் புதுசு. அதன் வழவழப்பைத் தடவிப் பார்க்கக் கூட்டம் நெட்டித் தள்ளியது. மைக் மாமா மேடையில் நின்றார். மேனேஜர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மாமாவுக்கு மைக் கிடைத்த சந்தோஷத்தில் வாய் நிற்கவில்லை.

"மேனேஜர் சார் மொத மொத எங்கிட்டத்தான் வந்தாவ. கரைக்காரங்க மனச எப்படிப் பிடிக்கதுன்னு கேட்டாவ. துண்ட அவுத்து இடுப்புல கெட்டி, இப்படிக் கேளும் சார், ஒருத்தன் மறுக்க மாட்டான்னு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். துண்டே எந்துண்டுதான், பாத்துக்கிடுங்க."

மேனேஜர் சிரித்தார். இப்போது யாராவது எழுந்திருப்பார்கள் என்று நினைத்தேன். அப்பா எழுந்திருப்பார், அம்மா தலையில் அடித்துக்கொள்வாள், எல்லாருமாகப் போய் அண்ணாச்சியைத் தேடுவார்கள் என்று நினைத்தேன். எனக்குப் பத்து வயசு, அப்படித்தானே நினைக்க முடியும்.

கை தட்டினார்கள்.

யாரோ ஒரு மூலையில் ஆரம்பித்தார்கள். அப்புறம் எல்லாரும் தட்டினார்கள். புரியாமல் தட்டவில்லை. புரிந்தால் அந்தக் கடைக்கும் தங்களுக்கும் நடுவில் நடந்ததற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்குமே, அதனால் தட்டினார்கள். அம்மா வாளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினாள்.

அத்தை தன் பங்குக்கு ஒரு வாளி வாங்கினாள். எனக்கு அவள்மேலேயே வெறுப்பு வந்தது. ஆனால் அவள் வீட்டுக்குப் போகவில்லை. கடலில் வாளியை நிறைத்து, தெருமுனைக்குத் தூக்கிக்கொண்டு போய், பூட்டிக் கிடந்த கடையின் பலகையைக் கழுவினாள். காய்ந்து ஒட்டியிருந்ததைத் தேங்காய்ச் சவுரி போட்டுத் தேய்த்தாள். திரும்பத் திரும்பக் கடலுக்கும் கடைக்குமாக நடந்தாள். விழாவிலிருந்து வாளியோடு வீட்டுக்குப் போன சனம் எல்லாம் அவளைக் கடந்துதான் போனார்கள். ஒருவரும் நிற்கவில்லை. கழுவி முடித்து, வாளியைக் கடைப் படியில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். அது பல நாள் அங்கேயே கிடந்தது. அப்புறம் எவனோ எடுத்துக்கொண்டு போனான்.

மீதி உங்களுக்குத் தெரிந்ததுதான். குழாய் கடலுக்குள் போயிற்று. அதன் வாயிலிருந்து மஞ்சளாக, முட்டை அழுகின மாதிரி ஒரு தண்ணீர். தண்ணீரில் நின்றவர்களின் பாதத்தில் தோல் உரிந்தது. சங்கு அற்றுப்போனது. மைக் மாமாவுக்கு லாரி கான்ட்ராக்ட். இன்றைய வரவேற்புக் குழுவில் முதல் பெயர் அவர் மகன். என் அப்பா வள்ளத்தை விறகுக்குக் கொடுத்துவிட்டுக் கம்பெனியிலேயே வேலைக்குப் போனார். என்ன வேலை தெரியுமா? அந்தத் தோணிக்குக் காவல். சாகிற வரைக்கும் அதன் நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் ஏறினால் விரட்டுவார். அவரை நினைத்தால் எனக்கு அருவருப்பும் அழுகையும் ஒன்றாக வருகிறது, எது எது என்று பிரிக்கத் தெரியவில்லை. அம்மா அந்த வாளியை அடி விரிசல் விடுகிற வரைக்கும் புழங்கினாள். அண்ணாச்சி பேச்சை ஒருநாளும் எடுத்ததில்லை. அவர் இருக்கிறாரா, எங்கே போனார், எனக்குத் தெரியாது.

இப்போது அரங்கத்துக்கு வருகிற கார்களை நிறுத்த இடம் வேண்டுமாம். குருசடி வரைக்கும் மிச்சமிருக்கிற மணலையும் சுவர் வைத்து வளைக்கப் பார்க்கிறார்கள். கரையில் இருக்கிற பெண்கள் குருசடி முன்னால் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். அதைப் பற்றி நம் குழுவில் ஒருத்தி ஒரு படம் போட்டாள். ஒரு பொம்மைகூட வரவில்லை.

எனக்கு மீன் கொடுக்கிற பெண் அவர்களில் ஒருத்தி. மாடியேறி வந்து, "நீங்க பேசாண்டாம் பெரியம்மா. எங்ககூட வந்து சும்மா உக்காந்தாப் போதும்" என்றாள். நான் அவளுக்கு இதையெல்லாம் சொன்னேன். வள்ளம் ஏற்றின கதையைக் கேட்டுக் கண் விரிந்து சிரித்தாள். அவளுக்கு ஒருவரும் சொன்னதில்லை. அப்புறம் கேட்டாள், "அப்ப இத்தன வருசமா அவங்ககிட்ட எப்ப இறக்குவன்னு யாருமே கேக்கலியா?"

"ஒருத்தி கேட்டா. அவள மன்னிப்புக் கேக்க வச்சோம்," என்றேன்.

போன வாரத்திலிருந்து நான் தார்ப்பாயின் கீழேதான் உட்கார்ந்திருக்கிறேன். முழங்கால் வலி மடக்க விடாது, அவர்கள் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டுத் தந்திருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் தோணி தெரிகிறது. வார்னிஷ் மினுங்குகிறது.

திறப்பு விழாவுக்கு வருகிறேன் என்று நானும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். என் ஐந்து நிமிஷத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். பழைய துண்டு ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். மேடையேறி அதை இடுப்பில் கட்டிக்கொண்டு, அத்தை கேட்டதை அத்தை கேட்ட மாதிரியே கேட்பேன். காத்து ஓஞ்சிட்டு சார், தோணிய எப்ப இறக்குதிய? வேறு நினைவு எதையும் பகிரப் போவதில்லை. பதிலுக்கு நிற்கப் போவதும் இல்லை. இறங்கி நேரே குருசடிக்குப் போய்விடுவேன். என்னோடு வருகிறவர்கள் வரலாம், தார்ப்பாயின் கீழே இடம் இருக்கிறது. வராதவர்கள் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ஆனால் நான் கேட்டு முடித்ததும், தயவு செய்து, ஒருத்தரும் கை மட்டும் தட்டிவிடாதீர்கள்.